நாலு பேர் சேர்ந்து உண்ணும் கடை
பினாங்குத் தீவுக்குப் போகும் குடும்பங்களுக்கு



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எங்கேப்பா போகலாம்?" என்பதுதான். கெடாவிலும் வட பேராக்கிலும் செபராங் பிறையிலும் இருப்பவர்களுக்குப் பதில் சொல்வது எளிது. பினாங்கு இருக்கவே இருக்கிறது! தண்ணீர்மலை முருகனைக் கும்பிடலாம். கொடி மலைக்கு ரயிலேறலாம். கடற்கரையில் காற்று வாங்கலாம்.

ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் பேசுவது எதைப் பற்றி? மலையைப் பற்றியா? கடலைப் பற்றியா? இல்லை. "அந்தக் கடையில் சாப்பிட்டோமே, அந்த மீன் குழம்பு..." என்றுதான் பேச்சு ஓடும். உண்டது மறப்பதில்லை, உடன் உண்டவர்களும் மறப்பதில்லை. ஆகவே இந்த இதழில், பினாங்குத் தீவில் நண்பர்களோடும் குடும்பத்தோடும் சேர்ந்து உண்ணுவதைப் பற்றிப் பேசுவோம். அது வெறும் வயிற்றுச் சமாச்சாரம் அல்ல என்பதை நீங்களே காண்பீர்கள்.

'பப்' என்பது என்ன?

இங்கிலாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் தவறாமல் போகும் இடம் 'பப்'. 'பப்ளிக் ஹவுஸ்', அதாவது பொது வீடு என்ற பெயரே சுருங்கி அப்படி ஆயிற்று. அங்கே பீர் உண்டு, ஒயின் உண்டு. ஆனால் குடி மட்டுமே அல்ல. சுடச்சுட உணவும் உண்டு. வேலை முடிந்தவர்கள் வந்து உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி, உண்டு, கலைந்து போவார்கள். சொந்த வீட்டில் இடம் சிறியது. எல்லாருக்கும் ஒரு பெரிய வீடு வேண்டும். அதற்காக ஏற்பட்டதுதான் அந்தப் பொது வீடு.

ஆனால் 'எல்லாருக்கும்' என்ற சொல்லில் ஒரு சூட்சுமம் இருந்தது. லண்டனில் பத்திரிகைக்காரர்கள் கூடும் ஃபிளீட் தெருவில் எல் வினோ என்றொரு மதுக்கூடம் இருந்தது. அங்கே ஆண்கள் மேடையருகே நின்று வாங்கிக் குடிக்கலாம். பெண்கள் நின்றால் ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள், பின்னறையில் போய் உட்கார வேண்டும். இது தவறு என்று பெண்கள் வழக்காடி, 1982ஆம் ஆண்டில்தான் மேல் நீதிமன்றத்தில் வென்றார்கள். நாகரிகத்தின் சிகரம் என்று சொல்லப்பட்ட லண்டனிலேயே பொது வீட்டுக் கதவு பெண்களுக்குப் பாதிதான் திறந்திருந்தது!

பினாங்கிலும் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று உண்ணவும் குடிக்கவும் இடங்களை அமைத்துக்கொண்டார்கள். சார்க்கீஸ் சகோதரர்கள் 1885இல் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஹோட்டல் இன்றும் கடலோரத்தில் கம்பீரமாக நிற்கிறது. துரைமார்களின் கிளப்புகளும் இருந்தன. நம் பாட்டன்மார் அங்கே போனதுண்டா? உண்டு... மூட்டை தூக்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக!

நமக்கென்று ஒரு கள்ளுக்கடை

அப்படியானால் தோட்டத் தொழிலாளிக்கு என்ன பொது வீடு? கள்ளுக்கடைதான். ரப்பர்க் காட்டின் ஓரத்தில், லயத்துக்கு எட்டும் தூரத்திலேயே அரசாங்க அனுமதியோடு கள்ளுக்கடை இருந்தது. கோயில் இருந்ததோ இல்லையோ, பள்ளிக்கூடத்துக்குக் கூரை இருந்ததோ இல்லையோ, கள்ளுக்கடை இல்லாத தோட்டம் அரிது.

கள்ளைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். தென்னையின் விரியாத பாளையைச் சீவி இறக்கும் பதநீர் முதலில் இனிப்பாகத்தான் இருக்கும். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நுண்ணுயிர் அதன் சர்க்கரையைத் தின்னத் தொடங்கியதும், சில மணி நேரத்திலேயே புளித்துப் போதை ஏறுகிறது. மறுநாள் வரை வைத்தால் காடியாகிவிடும். கிராமத்தில் மரத்தடியில் குடித்தவனுக்கு அது ஒரு பானம். ஆனால் தோட்டத்தில்? காலைப் பெரட்டு முதல் மாலை வரை உழைத்தவனின் கூலி, வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன் கடை வாசலில் நின்றுவிட்டது. அரசாங்கத்துக்கு வரி, தோட்டத்துக்கு அமைதி, தொழிலாளிக்கு மயக்கம். மனைவிக்கும் மக்களுக்கும் கிடைத்தது என்ன என்பதை லயத்துச் சுவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நண்பர்கள் கூடுமிடம் என்றுதான் அதற்கும் பெயர். ஆனால் குடும்பத்தோடு போக முடியாத கூடுமிடம் அது.

இதைக் கண்டு நம் மக்கள் வாய்மூடி இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்கு வந்து போக வேண்டும் என்றும் கேட்டார்கள். ஆம், வாசகர்களே! தன் நண்பன் தன் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவதற்கு, நம் மக்கள் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

போருக்குப் பிறகு, பினாங்குக்கு எதிர்க்கரையிலிருக்கும் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் அருகே ஹார்வார்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவர். தொண்டர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். போலீஸ் தடியும் துப்பாக்கியும் அவர்கள் மேல் பாய்ந்தன, உயிர்களும் போயின. இன்று சுங்கைப் பட்டாணியிலிருந்து பினாங்குக்குப் பஸ் ஏறும் குடும்பங்களில் அந்தத் தொண்டர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்களுக்கே அது தெரியாமலும் இருக்கக்கூடும்.

தோளில் வந்த சோறு

இனிப் பினாங்குக்கு வருவோம். பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகில் ஏறுங்கள். பாலம் 1985 முதல் இருக்கிறது; இரண்டாவது பாலமும் 2014இல் வந்துவிட்டது. இருந்தாலும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் படகுதான் அழகு. பழைய பெரிய படகுகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. அக்கரையில் இறங்கும் இடத்திற்கு வெல்ட் கீ என்று பெயர்.

அங்கே ஒரு நிமிடம் நின்று கடலைப் பாருங்கள். நம் முன்னோர் பலர் இந்தக் கடல் வழியாகத்தான் வந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் இங்கே நின்றன. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜுலா' கப்பலின் பெயரைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். வந்தவர்களை ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக் காவலில் வைத்து, பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

அந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்கு விடியற்காலையில் சோறு வேண்டுமல்லவா? அதைக் கொண்டு வந்தவர்கள் ராமநாதபுரம், கடையநல்லூர், தென்காசிப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். ஒரு நீண்ட கழியைத் தோளில் வைத்து, ஒரு முனையில் சோற்றுப் பாத்திரம், மறு முனையில் கறிப் பாத்திரம். காவடி போலத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். நிழல் கண்ட இடத்தில் இறக்கி வைத்துப் பரிமாறுவார்கள். மலாய் மொழியில் 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் கழி கொண்டு தோளில் சுமப்பது. அப்படி வந்ததுதான் 'நாசி கண்டார்'. உழைப்பாளிக்கு உழைப்பாளி சமைத்துச் சுமந்து வந்த சோறு இது. எந்தத் துரையின் விருந்து மண்டபத்திலும் பிறந்ததல்ல.

கழி போய்க் கடை வந்தது. கேம்பல் தெருவிலிருக்கும் ஹமீதியா உணவகம் 1907ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. நூறாண்டு தாண்டிய கடை! பினாங்கு சாலையும் சூலியா தெருவும் சந்திக்கும் இடத்தில், ஒரு சந்துக்குள் 'லைன் கிளியர்' இருக்கிறது. ரயில்காரர்கள் பாதை திறந்துவிட்டது என்று சொல்லும் சொல்லே கடைக்குப் பெயர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அருகே இரவில் மக்கள் நீண்ட வரிசையில் நிற்கும் கடையும் உண்டு. அதை 'பெராத்தூர்', அதாவது வரிசை என்றே ஊரார் அழைத்தார்கள். இவற்றைத் தவிர, பெயர் பெறாத நல்ல கடைகள் எத்தனையோ.

இந்தக் கடைகளில் மது கிடையாது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மலாய்க்காரர் ஒரு மேசையில், சீனர் அடுத்த மேசையில், நாம் நடுவில். பாட்டியும் வரலாம், பச்சைக் குழந்தையும் வரலாம். மனைவி தயங்க வேண்டியதில்லை. வயதுப் பெண்ணை அழைத்துப் போக அப்பா யோசிக்க வேண்டியதில்லை. கண்ணாடிக் குவளையில் தே தாரிக் நுரை பொங்க வரும். பேச்சு ஒரு மணி நேரம் நீளும். வெள்ளைக்காரன் 'பப்ளிக் ஹவுஸ்' என்று பெயர் வைத்தானே, அந்தப் பெயருக்குப் பொருத்தமான பொது வீடு இதுதான் என்றால் மிகையாகாது.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மலேசியாவின் பசியாறும் பண்பாட்டை மானுட அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் என்ற உணவுகளின் ருசிக்காக மட்டும் அல்ல; பல இனத்தவர் ஒரே இடத்தில் அமர்ந்து உண்ணும் வழக்கத்துக்காகவும்தான். நம் மாமாக் கடை மேசைக்குக் கிடைத்த மரியாதை அது!

கடைக்குள் நுழைந்ததும்

முதல் முறை போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

ஒன்று: சோற்றுத் தட்டை நீட்டியதும் பரிமாறுகிறவர் நாலைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றுவார். 'பஞ்சிர்' என்று சொன்னால் வெள்ளமாகவே ஊற்றிவிடுவார். அந்தக் கலப்பில்தான் ருசி. ஆனால் அதில் மாட்டுக் குழம்பும் இருக்கலாம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஊற்றுவதற்கு முன்பே, "அண்ணே, மாட்டுக் குழம்பு வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும். தமிழ் தெரியாத பணியாளராக இருந்தால் 'தாக் மாவ் குவா டாகிங்' என்று மலாயில் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், அவர்களுக்கு இது பழகிய கேள்வி.

இரண்டு: கறிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். கோழிப் பொரியல், மீன், சோத்தோங் என்னும் கணவாய், மீன் முட்டை, வெண்டைக்காய், பாகற்காய், அவித்த முட்டை, அப்பளம். கண் எல்லாவற்றையும் கேட்கும். பெரிய இறாலும் மீன் தலையும் விலை கூடியவை. எடுப்பதற்கு முன் விலையைக் கேளுங்கள். கேட்பது கஞ்சத்தனம் அல்ல, உரிமை. சாப்பாட்டுக் கடைகள் விலைப் பட்டியலை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம்.

இந்த உரிமைகளை எல்லாம் நமக்குச் சொல்லிக் கொடுத்த சங்கமும் பினாங்கில்தான் பிறந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1969ஆம் ஆண்டில் தொடங்கியது. 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரீஸ் பல ஆண்டுகள் அதன் தலைவராக இருந்தார். தோட்டப்புறங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் செய்யும் கேட்டை எதிர்த்து இடைவிடாமல் குரல் கொடுத்தவர்கள் அவர்கள்.

மூன்று: குழம்பும் சோறும் இனிப்புத் தேநீரும் ஒரு நாளைக்குச் சரி. நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். வீட்டில் பெரியவர்களுக்கு அந்த நோய் இருந்தால் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள். தேநீரை 'கூராங் மானிஸ்' என்று இனிப்புக் குறைத்துக் கேட்கலாம்.

இன்னும் சில இடங்கள்

சைவம் உண்பவர்கள் மார்க்கெட் தெரு, பினாங்கு தெரு, குயின் தெரு சூழ்ந்த லிட்டில் இந்தியாவுக்குப் போங்கள். வாழையிலைச் சாப்பாடும் தோசையும் கிடைக்கும். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் அங்கே குயின் தெருவில் இருக்கிறது. கும்பிட்டுவிட்டே சாப்பிடப் போகலாம்.

சீனர் கோப்பிக் கடைகளும் பினாங்கின் பழைய பெருமைதான். ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல் வேலை பார்த்துப் பழகி, பிறகு சொந்தமாகக் கடை வைத்தார்கள். சலவைக்கல் மேசை, கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, காயா, அரை வேக்காட்டு முட்டை. இந்தக் கடைகள் பலவற்றில் பீரும் விற்பார்கள். இளைஞர்களோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: மது வாங்கும் வயது 2017 டிசம்பர் முதல் 21 ஆக உயர்ந்திருக்கிறது.

வெயில் தணிந்ததும் பினாங்கு சாலையிலிருந்து பிரியும் கெங் குவீ சந்தில் செண்டோல் குடியுங்கள். 1936 முதல் அங்கே செண்டோல் விற்கிறார்கள். பிள்ளைகள் நடந்த களைப்பை மறந்துவிடுவார்கள்.

இந்தப் பழைய நகரம், ஜார்ஜ் டவுன், 2008 ஜூலை 7இல் உலக மரபு நகரமாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்களைப் பார்க்க உலகமே வருகிறது. அந்தக் கட்டடங்களுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

கணக்கும் பார்க்க வேண்டும்

"எல்லாம் சரி, காசுக்கு எங்கே போவது?" என்று குடும்பத் தலைவி கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. ஒரு தட்டுச் சோறு 15 வெள்ளி ஆகிறது என்று வையுங்கள். ஐந்து பேருக்கு 75 வெள்ளி. ஒரே வேளைச் சாப்பாடு ஒரு நாள் கூலியைத் தாண்டிவிடுகிறது!

ஆகவே திட்டம் வேண்டும். நம் பெண்களுக்குச் சீட்டுப் பிடிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. நட்பான ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வாரம் குடும்பத்துக்கு 5 வெள்ளி ஒரு டின்னில் போடட்டும். 12 வாரத்தில் குடும்பத்துக்கு 60 வெள்ளியாக மொத்தம் 300 வெள்ளி சேரும். சாப்பாட்டுச் செலவு பாரமாகத் தெரியாது. பொறுப்பை ஒருவரிடம் கொடுத்து, கணக்கைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். நட்பைக் கெடுப்பது பணம் அல்ல. எழுதி வைக்காத பணம்தான்.

குடிப்பழக்கம் உள்ள ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, பழைய கள்ளுக்கடைகள் பலவும் மறைந்துவிட்டன. ஆனால் குடி மறையவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் தலைநகரிலும் மெத்தனால் கலந்த மலிவுச் சாராயம் பல உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்க வந்தவர்கள். விலை குறைந்த போத்தலில் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. வாரம் ஒரு போத்தலுக்குப் போகும் பணத்தை அந்த டின்னில் போட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் உங்கள் மனைவி, முதல் முறையாக, யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுவாள்.

இது சிறிய விஷயமா? காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, வேலைக்கும் போய்விட்டு வந்து, மறுபடி அடுப்படிக்கே திரும்பும் பெண்ணுக்கு, ஒரு வேளை தட்டு கழுவாமல் கைகழுவி எழுவது பெரிய விஷயம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் பானையடிச் சோற்றை உண்டே பழகியவள் அவள். அன்று அவள் தட்டும் நம் தட்டோடு ஒன்றாக வரட்டும். அவளுக்குப் பிடித்த கறி எது என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். பல வீடுகளில் பிள்ளைகளுக்கே அது தெரியாது.

நண்பர்களையும் அழைத்துப் போங்கள். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம், வேலையிடத்துச் சீனத் தோழர், யாராக இருந்தாலும் அந்த மேசையில் இடம் உண்டு. நண்பன் தோட்டத்துக்குள் வரவே அனுமதி கேட்டுப் போராடிய மக்களின் வாரிசுகள் நாம். இன்று எந்தக் கடையிலும், எந்த மேசையிலும், யாருக்கும் இறங்கி நிற்காமல் நாம் உட்காரலாம். இந்த விடுமுறைக்கே ஒரு தேதி குறியுங்கள். டின்னை இன்றைக்கே அலமாரியின் மேல் எடுத்து வையுங்கள்!